ஒரு ஈடு இட்லி நேரம்

ஆடி 4, ஞாயிறு

இந்த நோட்டு கம்ப்யூட்டருக்காக. சர்வீஸ் கடை இளவரசு போனில் சொன்னார்: "எப்ப நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, அன்னைக்கு வேற என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு எழுதி வையுங்க்கா. மொட்டையா 'ஸ்லோவா இருக்குது'ன்னா நான் என்னத்தைக் கண்டுபுடிக்கறது?"

என் மகள் இந்துஜாவுக்கு எழுத நேரமில்லை. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு எழுதத் தெரியும். ஆனால் முப்பது வருடமாக மஞ்சள் மண்டியில் எடை எழுதியவர், எண்ணைத் தவிர வேறு எதுவும் அவர் பேனாவில் வராது. ஆகவே ஆறாம் வகுப்புப் பாதி வரை படித்த சம்பூரணமாகிய நான் எழுதுகிறேன். மண்டியில் கொடுத்த பழைய டைரி இது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு ஏழு வயது. இந்துஜா காலேஜ் சேர்ந்தபோது வாங்கியது. சின்ன ரூமில், என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் கல்யாணமாகிப் பல்லடம் போன ஒன்பது மாதத்தில், கல்யாண வீடியோவை ஏற்றிய ஒரு நாளைத் தவிர, யாரும் தொடவில்லை. நான் துடைத்து மட்டும் வைப்பேன்.

இது அவளுக்குத் தலை ஆடி. நாங்கள்தான் பலகாரத்தோடு போய் அழைத்து வர வேண்டும். அதற்குள் ஆனிக் கடைசியில் அவளே ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். எனக்கு முறுக்குச் சுடும் வேலை மிச்சம். மாப்பிள்ளை வரவில்லை. அவருக்கு வேலை இருக்கும்.

ஆடி 5, திங்கள்

இன்று அவளுக்கு வேலை ஆரம்பம். யாரோ பேசியதைப் பதிவு செய்து அனுப்புவார்களாம். இவள் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே தமிழில் டைப் அடித்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நாலு வாரம் பரீட்சை. ஆவணி 2 வரை. நேரத்துக்குள் போகாத நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் வேலை கிடையாது.

காலை எட்டு மணிக்கு ஸ்விட்ச் போட்டாள். நான் இட்லி ஊற்றி அடுப்பில் வைத்தேன். இட்லி வெந்து, அவர் நாலு தின்று, கையும் கழுவி ஆயிற்று. கம்ப்யூட்டரில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. குறிப்பு: திறப்பதற்கு ஒரு ஈடு இட்லி நேரம்.

பதினொரு மணிக்கு அசையாமல் நின்றது. இந்துஜா மவுஸைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

"அம்முணி, அது உங்கப்பனாட்டம்" என்றேன். "கூப்புட்ட ஒடனே திரும்பாது. நாலு தடவை கூப்புட்டுட்டு நாம நம்ம சோலியப் பாக்கோணும். அது பாட்டுக்கு வரும்."

"நான் இங்கதான் இருக்கறேன்" என்றார் அவர்.

"பாத்தியா, இப்பத்தான் வந்துச்சு."

இந்துஜா சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு. இதையெல்லாம் எழுதச் சொல்லி இளவரசு சொல்லவில்லை. இருக்கட்டும்.

ஐந்து பன்னிரண்டுக்குத்தான் போனது. சிவப்புப் புள்ளி ஒன்று.

ஆடி 6, செவ்வாய்

திறக்க ஒரு ஈடு இட்லி. மதியம் குக்கர் நாலு விசில் வரை நின்றது. நான் தொடவில்லை.

ஆடி 7, புதன்

காலையில் நன்றாக ஓடுகிறது. இரண்டு மணி நேரம் ஆனால் அடம் பிடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் இருந்த மாதிரி.

மாப்பிள்ளை போன் அடிக்கடி வருகிறது. மணி அடித்தால் இந்துஜா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து டைப் அடிக்கிறாள். வேலையில் கவனம்.

4.51க்குப் போனது.

ஆடி 8, வியாழன்

இளவரசு வந்தார். பெயருக்கு ஏற்ற நடை. பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"அக்கா, இதுக்கு வயசாயிருச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்."

"எனக்குங்கூட வயசாயிருச்சு, எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப் பாருங்க."

"எனக்கெதுக்குங்க்கா வம்பு" என்று உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். "இடமே இல்லீங்களே. பாதி இடத்தைக் கல்யாண வீடியோ அடைச்சுட்டு இருக்குது. நாலு மணி நேரப் படமுங்."

"அழிச்சிருங்க" என்றாள் இந்துஜா.

என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அம்முணி, கல்யாண வீடியோவ யாராச்சும் அழிப்பாங்களா?"

"எடம் வேணுமுங்கப்பா."

"வேற எதாச்சும் அழி. உங்கம்மா சமையல் வீடியோவெல்லாம் வெச்சிருக்கறாளே."

இளவரசு கையை மவுஸில் வைத்தபடி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சமாதானத்துக்கு, "வேணும்னா ஒரு பென் டிரைவுல ஏத்திக் குடுத்துருங்க, அவரே தலைமாட்டுல வெச்சுக்கட்டும்" என்றேன். ஏற்றினார். பிறகு இந்துஜா, அவரை நகரச் சொல்லிவிட்டு, தானே அழித்தாள். 'நிச்சயமாக அழிக்கவா' என்று அது ஒரு தடவை கேட்டது. அவளுக்கு யோசனையே இல்லை.

சிக்கனமான பிள்ளை. இடத்தை வீணாக்க மாட்டாள்.

ஆடி 9, வெள்ளி

ஆடி வெள்ளி. வீடு கழுவினேன். திரைச்சீலை, தலையணை உறை, மிக்ஸி உறை, கம்ப்யூட்டர் உறை எல்லாவற்றையும் ஊறப்போட்டுத் துவைத்தேன். தூறல் விழுந்ததால் காயவில்லை.

கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூன்றரைக்கே வேலை முடிந்தது. இளவரசுக்கு போன் போட்டு, "உங்க பேரை இனிமே ராசான்னு மாத்திக்கங்க" என்றேன்.

ஆடி 10, சனி

இன்றும் ஓட்டம்தான். துணி இன்னும் ஈரம்.

ஆடி 12, திங்கள்

மறுபடியும் பழைய கதை. பதினொன்றரைக்கு நின்றது. இளவரசை மறுபடி இளவரசாக்கிவிட்டேன்.

மதியம் டைப் அடிப்பதை விட்டு எழுந்து வந்தாள். பசி என்றாள். மோர் கொடுத்தேன். இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு தழும்பு. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாம். பல்லடத்து வீட்டுக் கதவு கனமான கதவு.

4.58க்குப் போனது. நான் கடிகாரத்துக்கு முன்னால் நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி 14, புதன்

ஐந்து மூன்று. மூன்றே நிமிடம். சிவப்புப் புள்ளி இரண்டு.

அவள் அழவில்லை. காதில் மாட்டியதைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கம்ப்யூட்டர் தலையில் ஒரு தட்டு தட்டி, "அடேய், இன்னொரு தடவை பண்ணினீன்னா உன்னைய எங்க நாத்தனார் வூட்டுக்கு அனுப்பிச்சுருவேன். அந்தம்மா பேச்சைக் கேட்டுப் பாரு, அப்பத் தெரியும்" என்றேன்.

"அம்மா, இது போச்சுன்னா நான் திரும்பிப் போகோணுமா?" என்று கேட்டாள்.

"ஆடி முடியட்டும்" என்றேன்.

நான் சொன்னது பதிலே இல்லை என்று இருவருக்கும் தெரியும். இது கம்ப்யூட்டர் நோட்டு. அதற்கு மேல் எழுத இதில் இடமில்லை.

ஆடி 15, வியாழன்

இளவரசு மறுபடி வந்தார். வைரஸ் பார்த்தார். வேண்டாத புரோகிராமெல்லாம் எடுத்தார். கடைசியில் கையை விரித்தார். "என்னால ஆனதப் பண்ணிட்டனுங்க்கா. உள்ளுக்குள்ள என்னமோ ஆயிருக்குது. கழட்டிக் கடைக்குக் கொண்டு போனா ரெண்டு வாரம் ஆகும்."

இரண்டு வாரம் எங்களிடம் ஏது.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. புதுப்பெண்கள் எல்லாரும் ஆற்றோரம் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்துஜா வரவில்லை. வேலை பாக்கி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை கிடையாது.

நாங்கள் திரும்பி வந்தபோது என் நாத்தனார் வசந்தாமணி வீட்டில் காத்திருந்தாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் அவள்தான். கையில் தட்டு, மஞ்சள், புதுக் கயிறு.

"ஆத்துக்கு வராட்டிப் போச்சாது. இங்கயே மாத்திக்கலாம். வா அம்முணி, இப்படி உக்காரு."

இந்துஜா உட்காரவில்லை. நாத்தனார் எழுந்து போய் அவள் கழுத்துப் பக்கம் சேலையை விலக்கினாள். கழுத்தில் ஒன்றும் இல்லை.

மிக்ஸிகூட அந்த நேரம் பார்த்து யார் வீட்டிலும் ஓடவில்லை.

"எங்கடி?" என்றாள் நாத்தனார்.

"பீரோவுல இருக்குதுங்கத்தை."

"பீரோவுல வெக்கறதுக்கா கட்டுனாங்க?"

நான் குறுக்கே விழுந்தேன். "குளிக்கறப்ப கழட்டியிருப்பா அண்ணி. புதுசுல எனக்குங்கூட இப்படித்தான் மறந்து போகும்."

"உனக்கு மறந்துச்சா? உனக்கா? நாக்குக் கூசாமப் பேசறே பாரு சம்பூரணம்!"

தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கலந்த சோறு நாலு வகையும் அப்படியே ஆறிப் போயிற்று. எலுமிச்சம்பழச் சோற்றை மட்டும் நான் தின்றேன். யாராவது ஒருவர் தின்ன வேண்டும் அல்லவா.

கம்ப்யூட்டர் இன்று திறக்கவில்லை.

ஆடி 20, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். இளவரசும் இல்லை, ராசாவும் இல்லை. நான்.

காலையில் வேலை ஒன்றும் ஓடவில்லை. இந்த நோட்டை முதலிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஓடிய நாள், ஓடாத நாள் என்று விரல் விட்டேன். முழு நாளும் நிற்காமல் ஓடியது இரண்டே நாள். ஆடி 9, ஆடி 10. வீடியோவை அழித்ததால் என்று நினைத்திருந்தோம். அப்படியென்றால் 12ஆம் தேதி ஏன் நின்றது? அழித்த வீடியோ திரும்பியா வந்தது? அந்த இரண்டு நாளில் வேறென்ன நடந்தது என்று பார்த்தால், எழுதியிருக்கிறேன். துணி ஈரம்.

கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு உறை இருக்கிறது. நான் தைத்தது. இந்த வீட்டில் நான் உறை தைக்காத பொருள் கிடையாது. மிக்ஸி, கிரைண்டர், டிவி, கேஸ் சிலிண்டர், ஃப்ரிட்ஜ் கைப்பிடி. தெருவில் பாதி வீட்டுக்கு என் உறைதான். ஆனால் எல்லாவற்றிலும் அழகாக அமைந்தது கம்ப்யூட்டர் உறைதான். மெரூன் வெல்வெட், சுற்றிலும் கொசுவம் வைத்த லேஸ், உள்ளே பஞ்சு வைத்த லைனிங். முன்னால் பட்டனுக்கு மட்டும் ஒரு ஓட்டை. தூசி படாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று, அது ஓடும்போதும் கழற்றுவதில்லை. இளவரசு வந்த நாளில்கூட உறையை எடுக்காமல்தான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

போய் உறைக்குள் கையை விட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

உருவி எடுத்தேன். இந்துஜா திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா?"

"மூச்சு முட்டிக் கெடக்குது அம்முணி. நாந்தான் மூட்டை கட்டி வெச்சிருக்கறேன்."

காதில் மாட்டியதைக் கழற்றினாள். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் நோட்டாக இருந்தாலும் எழுதுகிறேன்.

சித்திரையில் ஒரு நாள் போன் செய்தாள். "அம்மா, அவரு காலைல வேலைக்குப் போகயில வெளிய பூட்டிச் சாவியக் கொண்டு போயிடறாரு. சாயங்காலம் அவரு வந்தாத்தான் நான் வாசலைப் பாக்க முடியுது" என்றாள். அப்போது நான் இதே மிஷினில் உட்கார்ந்து யாருக்கோ கிரைண்டர் உறைக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி. குண்டூசியை எடுத்துவிட்டு, "பத்திரத்துக்குத்தானே கண்ணு. திருட்டுப் பயம் இருக்கும்" என்றேன். இன்னும் ஒரு வேடிக்கைப் பேச்சும் சொன்னேன். அதை எழுத மாட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. மணிக்கட்டுத் தழும்பு, தன் போனில் ரீசார்ஜ் தீர்ந்த அன்று ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போன் கேட்டபோது அவன் வந்து இழுத்ததில் வந்ததாம். ஆனிக் கடைசியில் அவன் பூட்ட மறந்த ஒரு காலையில்தான் பஸ் ஏறினாளாம். இன்று கேட்டேன். இன்றுதான் கேட்டேன்.

வேலை 3.20க்கு முடிந்தது.

ஆடி 21, புதன்

உறையை எடுத்தும் கொஞ்சம் இரைச்சல் இருந்தது. மதியம் அவள் சாப்பிடும் நேரம், ஸ்விட்சை நிறுத்தி வயரைப் பிடுங்கிவிட்டு, மிஷின் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"அம்மா! என்ன பண்றே? போச்சுன்னா எல்லாமே போச்சு!"

"தையல் மிஷினை எத்தனை தடவை கழட்டி மாட்டியிருக்கறேன். இதுலயும் ஸ்குருதானே இருக்குது? ஆம்பளைங்களுக்குன்னு தனியா மரை போட்டா செஞ்சிருக்கறாங்க?"

நாலு ஸ்குரு. பக்கத்துத் தகடு கையோடு வந்தது. உள்ளே பார்த்த எனக்குச் சிரிப்பு. ஒரு சின்ன விசிறி, தெரியவே இல்லை, பஞ்சு. அத்தனையும் என் துணிப் பஞ்சு. சிவப்பு, பச்சை, மயில் கழுத்து. ஏழு வருடத்துத் தையலையும் அது தின்று வைத்திருக்கிறது. யார் யாருக்கு என்ன கலரில் தைத்தேன் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மிஷின் பிரஷ்ஷால் நோகாமல் எடுத்தேன். விசிறி விரலில் சுழன்றது. தகடு தகடாக ஒரு இடம், அதற்குள்ளும் அடைசல். சைக்கிள் பம்பால் அடித்தேன். என் தலை முழுக்கப் பஞ்சு. அவர் மண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, நரைச்சுப் போச்சா?" என்றார். பெருக்குக்குப் பிறகு வாயைத் திறந்து அவர் பேசிய முதல் பேச்சு.

திருப்பி மாட்டி ஸ்விட்ச் போட்டோம். இந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அடுப்பில் இட்லி வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் மாவு சூடாகியிருக்காது. அதற்குள் திறந்துவிட்டது.

ஆடி 22, வியாழன்

2.45. இளவரசுக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஏனுங்க்கா, என்ற பொழப்புல மண்ணைப் போடறீங்களா?" என்றார். வேண்டுமானால் வந்து படித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆடி 25, ஞாயிறு

இன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, சாவி, ஜன்னல், சித்திரையில் நான் சொன்ன பதில். மாவு சலித்துக்கொண்டேதான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பூட்டிட்டா?" என்றார்.

"ஆமாங்."

"வெளிய?"

"ஆமாங்."

எழுந்துபோய்ப் பென் டிரைவை எடுத்து வந்தார். கல்யாண வீடியோ. அவளிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். நான் மாவைச் சலித்தேன். சலித்த மாவையே இரண்டாவது தடவையும் சலித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 28, புதன்

நாத்தனார் போன்.

"ஆவணி ரெண்டு, திங்கக்கெழமை, நல்ல நாளு. மாப்பிள்ளையும் அவுங்கம்மாவும் வர்றாங்க. நானும் வர்றேன். ஆடி முடிஞ்சா அனுப்பி வெக்கறதுதான் மொறை. பெட்டியக் கட்டி வெச்சிரு."

"எந்தப் பெட்டிய அண்ணி? கம்ப்யூட்டர் பெட்டியவா?"

"உனக்கு எப்பவும் வெளையாட்டு."

ஆவணி 2 கடைசி நாள். ஐந்து மணி. இதை நான் சொல்லவில்லை.

1.50க்கே முடித்துவிட்டாள். நாலு வீட்டிலிருந்து கிரைண்டர் உறை கேட்டு வந்தார்கள். தைக்கிறேன், ஆனால் ஓடும்போது கழற்றிவிட வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பாடம் எடுத்து அனுப்பினேன்.

ஆவணி 1, ஞாயிறு

நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டரும்.

ஆவணி 2, திங்கள்

கடைசி நாளுக்கு மற்ற நாட்களைவிட இரண்டு மடங்கு வேலை அனுப்பியிருந்தார்கள். கிழவர்கள் இருவர் ஒரே நேரத்தில் சண்டை போடும் பேச்சாம். யார் என்ன சொன்னார் என்று பிரித்து எழுத வேண்டும். இந்துஜா காலை ஏழரைக்கே உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் மண்டிக்குப் போகவில்லை. எனக்குப் பிரசவ வலி வந்த அன்றைக்கே மண்டிக்குப் போனவர் அவர்.

மூன்று மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கோகுல்நாத், அவர் அம்மா, என் நாத்தனார். பழத்தட்டு, பூ எல்லாம் முறையாகத்தான். வாங்க என்று உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன். பஜ்ஜி போட்டேன். வீடேறி வந்த விருந்து, ஒறம்பரை என்றால் ஒறம்பரைதான்.

"இந்துஜா எங்கீங்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வேலை பாத்துட்டு இருக்கறாளுங். அஞ்சு மணிக்கு வருவா."

"என்ன வேலைங்? அதெல்லாம் அவளுக்கு எதுக்குங்? எம்பையன் சம்பாதிக்கறது பத்தாதுங்களா?" என்றார் அவர். மாப்பிள்ளை எழுந்தார். "நான் கூட்டிட்டு வர்றேன்" என்று சின்ன ரூமைப் பார்த்து நடந்தார்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. முட்டியில் வலி உண்டு. ஆனால் என் தையல் மிஷினுக்கு அடியில் சக்கரம் உண்டு, அவளுக்கு இரைச்சல் ஆகாது என்று காலையிலேயே அதைக் கூடத்துக்குத் தள்ளி வைத்திருந்தேன். தள்ளிக்கொண்டுபோய் அந்த ரூம் வாசலில் குறுக்கே நிறுத்தி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மிதிக்க ஆரம்பித்தேன். கையில் கிடைத்த துணி என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டி. அதை நேராகத் தைத்துக்கொண்டே போனேன்.

"அத்தை, நகருங்க."

"தைச்சுட்டு இருக்கறனுங் மாப்ளே. நடுவுல எந்திரிச்சா நூலு அந்து போகும்."

"நான் எம்பொண்டாட்டியக் கூப்புட வந்திருக்கறேன்."

"தெரியுதுங். அஞ்சு மணிக்கு மேல கூப்புடுங்க. வர்றதும் வராததும் அவ பாடு."

"என்ன சம்பூரணம் இது?" என்று நாத்தனார் எழுந்துவிட்டாள். "தம்பி, நீயாச்சும் சொல்லு!"

அவளுடைய தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வாசல் இப்போது முழுசாக அடைபட்டுவிட்டது.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறனுங்" என்றார். "வெளிய பூட்டிட்டுப் போனது நெசமுங்களா?"

"பத்திரத்துக்குத்தானுங்க மாமா."

நான் சொன்ன அதே சொல். மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"உள்ள கேஸ் அடுப்பு இருக்குதுங்களே" என்றார் என் வீட்டுக்காரர். "தீப்புடிச்சிருந்தா?"

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அம்மா நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் பஜ்ஜித் தட்டைப் பார்த்தாள். பின்னால் இந்துஜாவின் விரல்கள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு விநாடிகூட நிற்கவில்லை. கம்ப்யூட்டரும் நிற்கவில்லை.

நாலு நாற்பதுக்கு வேலை போய்ச் சேர்ந்து அந்தச் சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. இந்துஜா வந்து மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையில் மடித்த காகிதப் பொட்டலம். மிஷின் மேல் வைத்தாள். மாங்கல்யம், மோதிரம், கயிறு.

"இதை எடுத்துக்கங்க. நான் வரலைங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நானாக இருந்தால் நாலு வார்த்தை கூட்டிச் சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளை பேசினார். அதிகமாகப் பேசினார். அவர் அம்மா பேசினார். பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்றார்கள். வையுங்கள், நாங்களும் வருகிறோம், பூட்டையும் கொண்டு வாருங்கள் என்றேன். அவர்கள் வண்டி ஏறிவிட்டார்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்கள். பழத்தட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

நாத்தனார் மட்டும் வண்டியில் ஏறவில்லை. தெருவில் நின்றுகொண்டாள்.

"வாழாவெட்டிய வூட்டுல வெச்சுக்கிட்டு எப்படித் தலை நிமுந்து நடக்கறேன்னு பாக்கறேன்! என்ற வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி! பேசி முடிச்சவ நானு! ஊரு என்னையக் கேக்குமே!"

கதவுகள் திறந்தன. எதிர் வீடு, கோடி வீடு, மாடி வீடு. என் உறை போட்ட டிவியை அப்படியே ஓட விட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இத்தனை நாள் இந்த நேரம் வந்துவிடக் கூடாது என்றுதான் நான் சிரித்துச் சிரித்துப் பேசி நாளைத் தள்ளியிருக்கிறேன். ஆடிக்கு வந்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கு வேலை, குளிக்கும்போது கழற்றினாள். ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டிடமும் சொல்லியிருக்கிறேன்.

நான் வாசற்படி இறங்கித் தெருவுக்கு நடுவில் போய் நின்றேன்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா? மாடி வூட்டக்கா, நல்லாக் கேக்குதுங்களா? ஆமாங், எம்புள்ள வந்துட்டா. ஆடிக்கு வரல. இருக்கறதுக்கு வந்துட்டா. வெளிய பூட்டி வெச்சிருந்தாங்க, இவ பஸ் ஏறி வந்துட்டா. அவ போன் பண்ணுனப்ப பத்திரத்துக்குத்தானேன்னு சொன்ன கழுதை நாந்தானுங், அதையும் கேட்டுக்கங்க. கேக்கோணுங்கறவங்க எல்லாம் இப்பவே கேட்டுருங்க. வூடு வூடா வந்து சொல்றதுக்கு எனக்கு முட்டி வலி."

எதிர் வீட்டுக்காரி மட்டும், "புள்ள சாப்புட்டுச்சுங்களா?" என்றாள்.

நாத்தனார் மறுபடி வாயைத் திறந்தாள். அப்போது சின்ன ரூம் ஜன்னலிலிருந்து இந்துஜா தலையை நீட்டினாள். காதில் அந்தக் கருப்புக் குமிழ்.

"அம்மா! கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா? பாஸுன்னு மெசேஜ் வந்துருச்சு. அடுத்த ஃபைல் அனுப்பிட்டாங்க. ஒண்ணும் காதுல உழுகல!"

நான் நாத்தனார் கிட்டத்தில் போய், குரலை இறக்கி, ஆஸ்பத்திரியில் பேசுவது மாதிரி சொன்னேன்:

"அண்ணி, கேட்டுதுங்களா? கத்தறதா இருந்தா முக்கு வரைக்கும் போயிக் கத்துங்க. வாங்க, நானே கொண்டு போயி விடறேன்."